ஆறு வந்திட்டுது

தம்பி,

இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். சுகமா என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. இப்போதைக்கு அந்தக் கேள்வி நம் இருவருக்கும் பொருந்தாது. டெலிபோனில் கதைக்கலாம் என்றால் நீ எடுக்கிறாய் இல்லை, எடுத்தாலும் ‘ம்’ என்கிறாய். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற இடத்தில் இருப்பவன் இப்படி வாயைத் திறக்காவிட்டால் நோயாளிகளின் பாடு பாவம்தான். ஆகவே எழுதுகிறேன். கடிதத்துக்கு நீ ‘ம்’ சொல்லிவிட்டு வைக்க முடியாது.

இன்று சனிக்கிழமை, தையல் ஃபக்டரி இல்லை. உடுப்புத் தோய்த்துக் கம்பியில் போட்டேன், மழை வந்தது. எடுத்தேன், வெயில் எறித்தது. திரும்பப் போட்டேன், திரும்ப மழை. நனைந்தால் நனைந்து தொலையட்டும் என்று விட்டுவிட்டுக் குசினி மேசையில் வந்து இருக்கிறேன். இந்த ஒக்லாந்து மழை அழைக்காமலே வந்து, சொல்லாமலே போகிறது. வேலைக்குத் திரும்பிவிட்டேன். பஸ் மாறி ஈஸ்ட் டாமாக்கிக்குப் போய், நாள் முழுக்க மெசினில் இருந்து, திரும்பி வரும்போது கால் இரண்டும் வீங்கிச் சப்பாத்தைக் கழற்ற ஏலாமல் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் இருந்து சுவரைப் பார்ப்பதைவிட அது மேல். மவுண்ட் ரோஸ்கிலில் எங்கள் தெருவில் பகலில் ஒரு சனம் இராது. எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். முன்பு அதைக் கவனித்ததில்லை, இப்போது கவனிக்கிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். அப்பாவின் அந்தியேட்டிக்கு நீ வரமாட்டேன் என்கிறாய். முப்பத்தோராம் நாள் சாம்பலைக் கடலில் கரைத்துச் செய்கிற கிரியை, மகன் இருக்கிற வீட்டில் மகன் செய்கிற கிரியை. “ரவியைக் கொண்டு செய்விச்சுப் போடுங்கோ அம்மா. எனக்கு அந்த யோக்கியதை இல்லை” என்றாய். யோக்கியதையாம்! அந்தச் சொல்லை எங்கே பிடித்தாய்? உன் அப்பா செத்த வீட்டில் யோக்கியதை பார்த்து ஆட்களை உள்ளே விடுவதென்றால் நானும் வெளியேதான் நிற்க வேண்டும். ரவி நல்ல பொடியன்தான். என் தங்கச்சி பெற்றது, எனக்கும் பிள்ளைதான். ஆனால் அவன் நீ இல்லை. இதை வைத்துக்கொண்டு இத்தனை நாளாக நித்திரை இல்லாமல் கிடக்கிறேன். ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி. இடையில் கோபம் வந்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வாசி.

நீ அவுஸ்திரேலியாவுக்கு, அந்த அலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போனதும் ஒரு படம் அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? வெறும் மணல். நடுவில் ஒரு மடக்குக் கதிரை போட்டுக் காலுக்குமேல் கால் போட்டு இருக்கிறாய். பின்னால் பெரிய பெரிய வெள்ளை மரங்கள். ‘இதுதான் எங்கள் ஊர் ஆறு’ என்று எழுதியிருந்தாய். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு! “பாரப்பா, ஆறில்லாத யாழ்ப்பாணத்திலை பிறந்தவன் போயும் போயும் தண்ணியில்லாத ஆத்தடியிலை குடியிருக்கிறான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இங்கே விரிப் பகுதியில் அவர் சாமான் அடுக்குகிற களஞ்சியத்துக்கும் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ டெலிபோன் எடுக்கும்போதெல்லாம் அவருக்கு அந்த ஒரு கேள்விதான். நான் எடுக்கப் போனால் தட்டிப் பறித்து, “ஆறு ஓடுதோ?” என்று கேட்பார். நீ “இல்லை அப்பா” என்பாய். “சரி, இந்தா கொம்மா” என்று என்னிடம் தந்துவிட்டு ரிவிக்கு முன்னால் போய்விடுவார். முடிந்தது உங்கள் சம்பாசணை. அப்பனும் மகனும் கதைக்கிற கதையைப் பார் என்று நான் எரிந்து விழுவேன். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் வேறு எதைக் கதைத்தாலும் கடைசியில் சண்டையில்தான் முடியும் என்பது எனக்கும் தெரியும். சண்டை வராத கதை அது ஒன்றுதான்.

அன்று விடிய வேலைக்கு வெளிக்கிட்டவர், வாசலில் இருந்து சப்பாத்து நாடா கட்டக் குனிந்தார். நிமிரவில்லை. நான் சாப்பாட்டுப் பெட்டியோடு பின்னால் நிற்கிறேன். “என்ன, இன்னும் கட்டி முடியேல்லையே?” என்று கேட்டேன். அதுதான் நான் அவரோடு கதைத்த கடைசிக் கதை. அம்புலன்ஸ்காரர் வந்து அரும்பாடு பட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. உனக்கு நான்தான் டெலிபோன் அடித்துச் சொன்னேன். நீ அழவில்லை. “வாறன் அம்மா, இண்டைக்கே வெளிக்கிடுறன்” என்றாய். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அன்று முழுக்க எழும்பி நடந்தேன்.

பின்னேரம் நீ திரும்ப எடுத்தாய். வீடு நிறையச் சனம். பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், சிவம் மாமா ஒருபக்கம் தேவாரம் பாடுகிறார். விரியில் அப்பாவோடு வேலை செய்த சிவம் மாமாவைத்தான் சொல்கிறேன். இங்கே குருக்களும் அவர்தான், நாட்டாமையும் அவர்தான். லைனில் வேறு கரகரவென்ற சத்தம். “எத்தினை மணிக்கு வந்து சேருவாய் ராசா?” என்று கத்தினேன். நீ சொன்னதில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: “அம்மா… ஆறு… ஆறு வந்திட்டுது அம்மா…” லைன் அறுந்துவிட்டது. நான் போனை வைத்துவிட்டுத் திரும்பி எல்லோருக்கும் சொன்னேன், “தம்பி நாளைக்கு ஆறு மணிக்கு வந்திடுவான்.”

இப்போது நினைத்தால் தலையிலே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் நீயே சொல்லு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு ஆறு என்றால் என்ன? ஐந்துக்கு அடுத்தது ஆறு. எங்களுக்குக் கிணறு தெரியும், குளம் தெரியும், கடல் தெரியும். மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்று இருக்கிறது. அதையும் நான் பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. உன் ஊர் ஆற்றைப் பற்றி வாரம் தவறாமல் பகிடி விட்ட வீடுதான் இது. ஆனாலும் நீ கதிரை போட்டு இருந்த மணலுக்கு ‘வந்திட்டுது’ என்றொரு சொல் பொருந்தும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அடுத்த நாள் ரவியும் நானும் விமான நிலையத்துக்குப் போனோம். செத்தவீட்டுப் பெண் வெளிக்கிடக்கூடாது என்று சொன்னவர்களிடம், என் பிள்ளை தனியாக வந்து இறங்குவான் என்று சொல்லிவிட்டுப் போனேன். சிட்னியிலிருந்து வந்த சனம் முழுவதும் வெளியே வந்தது. கட்டிப்பிடித்தார்கள், சிரித்தார்கள், வண்டில் தள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் கூட்டுகிறவன் ஒருவன் தும்புத்தடியோடு வந்தான். ரவி, “பெரியம்மா, அடுத்த பிளேனாயிருக்கும்” என்றான். அடுத்ததும் வந்தது. உன் வீட்டுக்கு அடித்தால் லைன் இல்லை. வீட்டுக்குத் திரும்பினோம். குசினிக்குள் நான் தண்ணீர் எடுக்கப் போனபோது சிவம் மாமாவின் குரல் கேட்டது. “வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விடுறதே? தேப்பனோடை கோவம் எண்டாலும் இதுக்குமே?” என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது மாதிரி இருந்தது. ஆறு மணிக்கு வருவாய் என்று சொன்னது நான்தானே.

மறுநாளே பிரேதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மண்டபம் அந்த நேரத்துக்குத்தான் கிடைத்தது, வந்த சனமெல்லாம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தது. அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு பீங்கானில் சோற்றை வைத்துக்கொண்டு இருந்தோம். ரவி ரிவியைச் சத்தம் குறைத்துப் போட்டிருந்தான். செய்தி போகிறது. பாலைவனத்துக்கு நடுவில் ஒரு ஊராம், மண்ணிறத் தண்ணீர் பெருக்கெடுத்து ஓடுகிறது, அந்த வெள்ளை மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. ரவி பீங்கானைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான், “பெரியம்மா! அண்ணாவின்ரை ஊர்! அண்ணாவின்ரை ஆறு!” எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிவம் மாமா எழும்பி ரிவிக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, “தங்கச்சி, நான் பொடியனைப் பற்றித் தப்பாக் கதைச்சிட்டன். மனசிலை வையாதையுங்கோ” என்றார். ஒருநாளும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து இங்கே எல்லோருக்கும் நீ ‘பாவம் பொடியன்’. ஆறு மறித்த பிள்ளை.

அதற்குப் பிறகுதான் நீ டெலிபோன் எடுத்துச் சொன்னாய், சொல்லாமல் விட்டிருக்கலாம். “அம்மா, ஆறு மறிக்கேல்லை. எனக்கு நேரம் இருந்தது” என்றாய். டக்ஸி பிடித்து வெளிக்கிட்டாயாம். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போகிற ரோட்டு, அந்தத் தாம்போதியில் அப்போது மணல்தானாம். ஊர்ச்சனம் முழுக்கப் பிள்ளை குட்டியோடு கரையில் நின்று, மேலே மழை பெய்திருக்கிறது, ஆறு வருகிறது, வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றதாம். நீ டக்ஸியை நிற்பாட்டச் சொல்லி இறங்கினாயாம். சருகும் தடியும் நுரையுமாகத் தள்ளிக்கொண்டு, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் தண்ணீர் வந்ததாம். மணல் உஸ் உஸ்ஸென்று குடித்ததாம். நீ அதோடு சேர்ந்து கரையில் நடந்தாயாம். “அப்பாவுக்குச் சொல்லோணும், அப்பாவுக்குச் சொல்லோணும் எண்டுதான் அம்மா நினைச்சுக்கொண்டு நடந்தன். ஓடுது அப்பா எண்டு. அவர் இல்லை எண்டது எனக்கு அப்ப மண்டையிலை ஏறேல்லை. டக்ஸிக்காரன் ஹோர்ண் அடிச்சது கேட்டது. நான் திரும்பேல்லை.” திரும்பிப் பார்த்தபோது தாம்போதிக்கு மேலே தண்ணீர் போகிறது, டக்ஸியும் இல்லை. அப்போதுதான் ஓடிப்போய் எனக்கு அடித்திருக்கிறாய். ஆறு வந்திட்டுது என்று.

இதைச் சொல்லிவிட்டு நீ அழுதாய். வளர்ந்த பிறகு நீ அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அதை நீ கோபம் என்று எடுத்துவிட்டாய். கோபம் இல்லை, ராசா. களைப்பு. அழுகிற பிள்ளையைத் தேற்றக்கூட அன்று என்னிடம் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

கலியாணம் முடித்த புதிதில் அப்பாவுக்குக் கண்டிக்கு மாற்றம் கிடைத்தது. நானும் கூடப் போனேன். பேராதனைப் பாலத்தடியில் பஸ் ஆட்களை ஏற்ற நின்றது. கீழே மகாவலி. “ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன்” என்று இறங்கினவர்தான். பஸ் என்னையும் டிரங்குப் பெட்டியையும் கொண்டு வெளிக்கிட்டுவிட்டது. நான் தமிழில் கத்துகிறேன், கொண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். கண்டியில் இறங்கிப் பெட்டிக்கு மேல் இருந்து அழுதுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து மனிசன் வருகிறார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், முகமெல்லாம் வெளிச்சம். “எவ்வளவு தண்ணி தெரியுமே! அவ்வளவும் சும்மா போகுதப்பா!” ஒரு கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை. அந்த மனிசனுக்குப் பிறந்தவன் நீ. ஆற்றைக் கண்டு இறங்காமல் விட்டிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தால் மட்டும் தயவுசெய்து அவளையும் கூட்டிக்கொண்டு இறங்கு. பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகாதே.

இன்னொன்றும் சொல்கிறேன். டக்ஸி வந்து நின்ற கதையை நீ சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. பொய் சொல்லு என்று சொல்லவில்லை. கேட்டால் ‘ஆறு வந்தது’ என்று சொல்லு, அது உண்மைதானே. எல்லா உண்மையையும் எல்லோருக்கு முன்னாலும் கொட்டினால்தான் மனம் ஆறும் என்று உனக்கு யார் சொன்னது? எனக்குச் சொல்லிவிட்டாய், அது போதும். அவர்கள் ‘பாவம் பொடியன்’ என்று சொல்வது உனக்கு முள்ளாய்க் குத்துகிறது, அதனால்தான் இங்கே வரப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். குத்தட்டும். குத்தக் குத்த வந்து நில். ஊரில் இப்போது செத்தவர்களை எடுக்கவே ஆளில்லாமல், ஷெல்லுக்குப் பயந்து வளவுக்குள்ளேயே குழி வெட்டித் தாட்டுவிட்டு ஓடுகிறார்கள். எழுதுகிறார்களே, நீயும் வாசிக்கிறாய்தானே. எங்களுக்கு ஒழுங்காகச் செய்ய ஒரு கடலும் ஒரு நாளும் இருக்கும்போது வெட்கம் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இனி, பிறகு சொல்கிறேன் என்று சொன்ன விசயம். ரவி கொள்ளி வைத்தான் என்று உனக்குச் சொன்னார்கள். நீ கேட்டபோது நானும் ஓம் என்றேன். ரவி வைக்கவில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். இங்கே எல்லோரும் போனோம். கார்ப்பெட் விரித்து, பூச்சாடி வைத்து, வெளியே கார் விட இடமும் இருக்கிற கட்டடத்தைப் பார்த்தால் சுடலை என்று யாருக்குத் தோன்றும்? பெட்டி ஒரு திரைக்கு முன்னால் இருந்தது. கறுப்புக் கோட் போட்ட மனிசன் ஒருவர் வந்து, குடும்பத்தில் ஒருவர் இதை அழுத்தலாம் என்று மெதுவாகச் சொல்லிச் சுவரில் ஒரு பொத்தானைக் காட்டினார். கொள்ளி என்பது அவ்வளவுதான், தம்பி. நெருப்பும் இல்லை, கொள்ளிக்கட்டையும் இல்லை. சிவம் மாமா தேவாரத்தை நிற்பாட்டிவிட்டு ரவியை முன்னால் விட்டார். ரவி இரவல் வேட்டியோடு போய் நின்று, கையைத் தூக்கிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தான். “அண்ணா வரட்டும் பெரியம்மா” என்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். எனக்கு அப்போது ஒன்றுதான் ஓடியது. கொள்ளி வைக்கிறவர்தான் எட்டாம் நாள் எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று எல்லாம் செய்து முடிக்க வேண்டும். ரவி அதை அழுத்திவிட்டால் பிறகு நீ வந்தாலும் சும்மா பார்த்துக்கொண்டுதான் நிற்பாய். நான் அழுத்தினால், நீ வந்ததும் மிச்சத்தை உன்னிடம் விட்டுத்தரலாம்.

நான் எழும்பிப் போனேன். சிவம் மாமா, “தங்கச்சி, பொம்பிளையள்…” என்று தொடங்கினார். “சிவம் அண்ணை, இந்த மனிசனுக்கு இவ்வளவு காலமும் அடுப்பு மூட்டினது ஆர்? நான்தானே? இதையும் நான் மூட்டுறன்” என்றேன். அழுத்தினேன். பொத்தான் குளிர்ந்து கிடந்தது. உள்ளே எங்கேயோ இரைகிற சத்தம் கேட்டது, பெட்டி திரைக்குப் பின்னால் போனது. வெளியே வந்த பிறகு சிவம் மாமாதான், ரவி செய்ததாகவே இருக்கட்டும், சனம் என்னைக் கதைக்கக்கூடாது என்று முடிவு செய்தார். நல்ல மனிசன். இன்றுவரை வாய் திறக்கவில்லை. எட்டுச்செலவுக்கும் நானே எள்ளும் தண்ணியும் இறைத்தேன், கதவைச் சாத்திவிட்டு.

ஆகவே நீ வராவிட்டால் அந்தியேட்டி ரவிக்கு இல்லை, எனக்கு. சாம்பல் பெட்டி உன் அறையில் இருக்கிறது. மனுக்காவ் கடல் வற்றுக்கு இழுத்தால் தண்ணீரைத் தொட வெகுதூரம் சேற்றில் இறங்கி நடக்க வேண்டும். “செய்யலாம் தங்கச்சி, நான் பிடிச்சுக்கொண்டு வாறன்” என்று சிவம் மாமா சொல்கிறார். செய்ய வேண்டி வந்தால் செய்வேன், அவரை அப்படியே வைத்திருக்க மாட்டேன். ஆனால் ராசா, எரித்தது நான். கரைக்கிறதையும் என் கையில் விடாதே. எனக்கு ஏலாது.

அம்மா